பேட்டரிக்கு மட்டும் 'ஆஃப்' கிடையாது! கடை, மண்டபம், கிளினிக்கில் பெரிய பேக்கப் பேட்டரிகளைப் பொருத்தும்போது எதில் கவனம் வேண்டும்?

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 மணி முதல் மின்தடை என்று அறிவிப்பு வந்துவிட்டால், காரைக்குடியில் பல தொழில்களுக்கு அன்றைய பொழுது பேட்டரி தலையில்தான் விடியும். ஸ்கேன் சென்டர், வங்கிக் கிளை, நகைக்கடை, கல்யாண மண்டபம், தங்கும் விடுதியாக மாறிய பழைய செட்டிநாட்டு வீடு என எல்லா இடத்திலும் ஏதோ ஒரு மூலையில் வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். ஈய-அமில பேட்டரிகள். வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதும் இதே ஜாதிதான். ஆனால் வீட்டில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு இருக்கும். இங்கே 8, 16, 20 என்று அடுக்கியிருப்பார்கள். எண்ணிக்கை கூடும்போது ஆபத்தின் தன்மையே மாறிவிடுகிறது. இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

பேட்டரி பற்றிப் பேச காரைக்குடியை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. மின்சாரத்துக்கும் வேதியியலுக்கும் உள்ள உறவை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது உள்ளூர்க்காரர்கள் சொல்லும் 'செக்ரி', இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த நிலையம் அது. 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே தினசரிப் பாடம். அதற்காக, மாடிப்படிக்கு அடியில் திணித்து வைத்த பேட்டரி இந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் இரக்கம் காட்டிவிடாது.

அப்படி என்னதான் ஆபத்து? பொருத்தும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

மெயினை அணைத்தால் போதாதா?

"அண்ணே, மெயினை ஆஃப் பண்ணிட்டேன், கை வைக்கலாமா?" பேட்டரி வேலை நடக்கும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. சுவரில் ஓடும் ஒயருக்கு இந்தக் கேள்வி சரி. பேட்டரிக்கு இது செல்லாது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். பேட்டரிக்குள்ளே இருக்கும் ரசாயனத்தை எந்த ஸ்விட்சாலும் அணைக்க முடியாது.

1859-ல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய அதே அடிப்படைதான் இன்றும். ஈயத் தகடு, ஈய ஆக்சைடு தகடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். இப்படி ஒரு அறை கொடுப்பது சுமார் 2 வோல்ட். ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி. 12 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். அந்த தைரியத்தில்தான் பலர் வெறுங்கையில் வேலை செய்கிறார்கள்.

ஆனால் ஒரு 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால், அதன் வழியே ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். கண் இமைக்கும் நேரத்தில் ஸ்பானர் சிவந்து, முனையோடு ஒட்டிக்கொள்ளும். உருகிய உலோகம் தெறிக்கும். கையில் மோதிரமோ, உலோக ஸ்டிராப் போட்ட வாட்சோ இருந்து அது முனையில் பட்டால் விரலைச் சுற்றி வெந்துவிடும். எனவே வேலையைத் தொடங்குவதற்கு முன் மோதிரம், வாட்ச், காப்பு, கழுத்துச் செயின் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். குனியும்போது தொங்குவது செயின்தானே! தங்கம் மிக நன்றாகக் கரண்ட் கடத்தும்.

இன்னொரு பக்கம், 16 பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் மொத்தம் 192 வோல்ட். சார்ஜ் ஏறும்போது 220-ஐத் தொடும். இது ஷாக் அடிக்கும், உயிரையும் எடுக்கும். முதல் பேட்டரியை மாட்டும்போது இருந்த தைரியம் பதினாறாவதை மாட்டும்போது இருக்கக் கூடாது.

எங்கே வைக்கலாம்? எங்கே கூடாது?

விபத்துக்கான விதை பெரும்பாலும் இடம் தேர்ந்தெடுப்பதிலேயே போடப்படுகிறது. 'யார் கண்ணிலும் படாத இடம்' என்று தேடுவதால் மாடிப்படிக்கு அடியும், சாமான் அறையும், ஜன்னலே இல்லாத மூலையும்தான் கிடைக்கும். பேட்டரிக்கு அது ஆகவே ஆகாது.

காரணம் ஹைட்ரஜன். சார்ஜ் முழுமையை நெருங்கும்போது, உள்ளே வரும் கரண்ட் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழாக வெளியே வரும். நிறமில்லை, வாசனையில்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். அதற்கு நெருப்புக்குச்சி தேவையில்லை. ஸ்விட்ச் போடும்போது வரும் சின்னப் பொறி போதும்.

எவ்வளவு ஹைட்ரஜன் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரைப் பிரிக்கும் கரண்டில் ஒரு ஆம்பியருக்கு, ஒரு அறையிலிருந்து மணிக்குச் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். 16 பேட்டரி என்றால் 96 அறைகள். முழுசாக ஏறிய பிறகும் சார்ஜர் 5 ஆம்பியர் தள்ளிக்கொண்டே இருந்தால் மணிக்கு 200 லிட்டர். பத்துக்குப் பத்து, பத்தடி உயர அறையின் கொள்ளளவு சுமார் 28,000 லிட்டர். கதவும் ஜன்னலும் அடைத்த அறையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் 1 சதவீதம், ஆறு மணி நேரத்துக்குள் 4 சதவீதம். ராத்திரி பூட்டிவிட்டுப் போய் காலையில் வந்து லைட் போடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஹைட்ரஜன் லேசானது என்பதால் மேலே போய்க் கூரைக்கு அடியில் முதலில் சேரும். அங்கே ஆபத்தான அளவு இன்னும் சீக்கிரமே வந்துவிடும்.

அதனால் காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். கூரையை ஒட்டி ஒரு திறப்போ எக்ஸாஸ்ட் விசிறியோ அவசியம். அந்தக் காற்று வெளியே போக வேண்டுமே தவிர, பக்கத்து அறைக்குள் போகக் கூடாது. "ஏசி போட்டிருக்கோமே" என்பார்கள். சுவரில் மாட்டும் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வாயுவை வெளியேற்றாது. சுவிட்ச் போர்டு, பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் பேட்டரி அறைக்குள் வேண்டாம். 

'சீல்டு' பேட்டரிதானே, வாயுவே வராதே என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. சாதாரணமாக அதற்குள்ளேயே வாயு திரும்பத் தண்ணீராகிவிடும். சார்ஜ் மிஞ்சினால் அதன் வால்வு திறந்து வாயுவை வெளியே விடும். காற்றுப் புகாத இரும்பு அலமாரியில் அதைப் பூட்டி வைப்பதும் தப்புதான்.

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வில்லங்கமும் உண்டு. உயரமான கூரை, நடுவே திறந்த முற்றம் என்று காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. இரண்டாம் கட்டில் முற்றத்தைப் பார்த்தபடி, நிழலான, மழைச் சாரல் அடிக்காத இடம் கிடைத்தால் பேட்டரிக்கு அது நல்ல இடம். வில்லங்கம் தரையிலும் சுவரிலும் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் செய்தது. சுவர்ப் பூச்சு சுண்ணாம்பு. இரண்டுமே அமிலம் பட்டால் நுரைத்து அரித்துவிடும். நூறு வருஷமாகப் பளபளத்த தரையில் ஒரு கை அமிலம் சிந்தினால் அந்தத் தடம் போகவே போகாது. எனவே அமிலம் தாங்கும் பிளாஸ்டிக் தட்டோ ரப்பர் விரிப்போ போட்டு, அதன் மேல் ஸ்டாண்டு வைத்து, சுவரிலிருந்து தள்ளியே பேட்டரியை அடுக்க வேண்டும். தேக்கு ஸ்டாண்டுக்கு அமிலம் தாங்கும் பெயின்ட் அடித்து அதில் பேட்டரி அடுக்குவது பழைய பழக்கம்தான். ஆனால் பர்மா தேக்குத் தூணில் ஒயரைச் சுற்றி ஆணி அடிப்பது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

எடையையும் மறக்கக் கூடாது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். இருபது வைத்தால் ஒரு டன்னுக்கு மேல். மரச்சட்டம் தாங்கும் பழைய மாடியில் இதை ஏற்றுவதற்கு முன் கட்டடம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

அடுத்தது வெயில். 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்துக்குத்தான் பேட்டரியின் ஆயுள் கணக்கிடப்படுகிறது. அதைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மேற்கு வெயில் அடிக்கும் தகர ஷெட்டில் வைத்துவிட்டு, ஐந்து வருஷம் வர வேண்டிய பேட்டரி இரண்டு வருஷத்தில் போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பேட்டரிகளுக்கு இடையே குறைந்தது ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தால்தான் சூடு வெளியேறும்.

இணைப்பு கொடுக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனோ, பேட்டரி நிறுவனத்தின் ஆளோதான் செய்ய வேண்டும். ஆனால் இடத்தின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று சிலவற்றைப் பார்க்கலாம், கேட்கலாம். அவர் கட்டடம், அவர் ஆட்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஆளையும் கருவியையும். முகத்தை மூடும் கண்ணாடிக் கவசம், ரப்பர் கையுறை, ஷூ இருக்கிறதா? வெறும் செருப்போடு பேட்டரி தூக்குவதை அனுமதிக்கக் கூடாது. ஸ்பானரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் இருக்க வேண்டும். அவசரத்துக்கு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவதுண்டு. வெறும் இரும்பைவிட அது பரவாயில்லை, அவ்வளவுதான். பேட்டரியின் மேல் எந்தக் கருவியையும் வைக்கவே கூடாது. மேஜை மாதிரி தட்டையாக இருப்பதால் கை தானாக அங்கே போகும். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாயோ நிரப்பிய வாளிகளோ இருக்க வேண்டும்.

யுபிஎஸ், சார்ஜர், பேட்டரி பிரேக்கர் மூன்றும் அணைந்திருந்தால்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். தொடர் இணைப்பில் ஒரு பேட்டரியின் பாசிட்டிவ் அடுத்ததன் நெகட்டிவுக்குப் போகும். அனுபவம் உள்ளவர்கள் வரிசையை ஒரே மூச்சில் முடிக்க மாட்டார்கள். நடுவில் ஒரு இணைப்புத் துண்டைப் போடாமல் விட்டுவிடுவார்கள். பதினாறு பேட்டரி எட்டு எட்டாகப் பிரிந்து நிற்கும். முழு வோல்டேஜும் ஒரே இடத்தில் சேராது. மற்ற எல்லா வேலையும் முடித்து, சரிபார்த்து, கடைசியாகத்தான் அந்தத் துண்டைப் பொருத்துவார்கள். கழற்றும்போது முதலில் எடுப்பதும் அதைத்தான். காரில் நெகட்டிவை முதலில் கழற்றினால் போதும் என்ற பழக்கம் இங்கே போதாது. காரின் உடலே நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால் அங்கே அந்த விதி. இங்கே வரிசை முழுதும் உயிரோடு இருக்கிறது.

அடுத்தது மல்டிமீட்டர். இதைத் தவிர்க்கும் எலக்ட்ரீஷியனை நம்ப வேண்டாம். முழுசாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பேட்டரி ஒன்று சுமார் 12.7 வோல்ட் காட்டும். பதினாறு சேர்ந்தால் 203. மீட்டர் 178-ஐ ஒட்டிக் காட்டினால்? ஒரே ஒரு பேட்டரி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தலைகீழ் பேட்டரி தன் 12.7 வோல்ட்டைக் கொடுக்காததோடு, இன்னொன்றின் 12.7-ஐயும் சாப்பிட்டுவிடும். அதனால்தான் 25 குறைகிறது. மொத்தமாகத் தலைகீழாக மாட்டி யுபிஎஸ்ஸுக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் பாகங்கள் புகையோடு போகும். பிளஸ், மைனஸ் குறியைக் கண்ணால் பார்த்துவிட்டு, மீட்டராலும் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம்.

இணை இணைப்பு, அதாவது பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கொடுக்கும்போது வோல்டேஜ் கூடாது, தாங்கும் நேரம் கூடும். இங்கே ஒயர்களின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். பாசிட்டிவை ஒரு கோடியிலிருந்தும் நெகட்டிவை மறு கோடியிலிருந்தும் எடுத்தால் எல்லாப் பேட்டரியும் ஒரே அளவு வேலை செய்யும். பழசும் புதுசும், 150-ம் 200-ம், டியூபுலரும் சீல்டும் கலந்து போடக் கூடாது. "இரண்டுதான் போயிருக்கு, அதை மட்டும் மாத்துங்க" என்று காசு மிச்சம் பிடித்தால், பழசு புதுசையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஒயர் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 800 வாட் சாமான் 230 வோல்ட் லைனில் மூன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். அதே சாமான் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓடும்போது சுமார் 80 ஆம்பியர் இழுக்கும். அந்த வழியில் ஒரு போல்ட் லூசாக இருந்து ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை வந்தாலும், அந்த ஒரு இடத்தில் மட்டும் 64 வாட் சூடு கிளம்பும். பழைய குண்டு பல்பு எரிவது மாதிரி. முனையில் இருக்கும் ஈயம் உருகும், பிளாஸ்டிக் இளகும். எனவே போல்ட்டைக் கைப்பிடி அளவில் அல்ல, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பானரால் முறுக்க வேண்டும். மிஞ்சி முறுக்கினால் ஈய முனையே திருகிக்கொண்டு வந்துவிடும். முறுக்கிய பிறகு பெட்ரோலியம் ஜெல்லி தடவி, முனை மூடியைப் போட வேண்டும். பச்சைப் பூ பூக்காமல் இருக்கும்.

ஃபியூஸும் பிரேக்கரும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது டிசி-க்கு என்றே செய்த பிரேக்கராக இருப்பது முக்கியம். வீட்டு ஏசி மின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். அந்த இடைவெளியில் பொறி தானாக அணையும். டிசி ஒருமுறை கூட பூஜ்யத்தைத் தொடாது. கையில் கிடைத்த வீட்டு எம்சிபி-யை மாட்டினால், அது திறந்த பிறகும் உள்ளே பொறி எரிந்துகொண்டே இருந்து பெட்டியையே எரித்துவிடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மேலே அச்சிட்டிருக்கும் டிசி வோல்டேஜ் எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும்.

யுபிஎஸ்ஸோடு சேர்க்கும் நொடியில் 'சட்'டென்று ஒரு பொறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெறும் வயிற்றோடு ஒரே மடக்கில் குடிப்பதால் வருவது அது. பிரேக்கரைத் திறந்து வைத்து இணைத்தால் அந்தப் பொறி பேட்டரியின் மேல் வராது. எந்த வரிசையில் போட வேண்டும் என்று யுபிஎஸ்ஸின் கையேட்டில் இருக்கும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும் எந்த ஒயரையும் பிடுங்கக் கூடாது. ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கும் இடத்தில் பொறியும் வந்தால் மூடி வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும். பேட்டரி 'வெடிப்பது' பெரும்பாலும் இப்படித்தான்.

எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் பேட்டரிக்கு ஆகாது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைக் கெடுக்கும். பேட்டரித் தண்ணீருக்கு என்றே ஐஎஸ் 1069 என்ற இந்தியத் தர அளவு இருக்கிறது. ஆர்ஓ தண்ணீர், மழைத் தண்ணீர், ஏசி-யிலிருந்து சொட்டுவது எல்லாம் அதற்கு ஈடாகாது. சார்ஜ் முழுசாக ஏறிய பிறகு ஊற்ற வேண்டும். முன்கூட்டியே குறி வரை நிரப்பினால், சார்ஜ் ஏறும்போது திரவம் பெருகி அமிலத்தோடு வழியும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் அது மூழ்கும் வரை முதலில் ஊற்றலாம். பேக்கப் குறைகிறது என்று அமிலம் ஊற்றுவது பெரிய தவறு. அமிலம் ஆவியாவதில்லை, குறைவது தண்ணீர்தான்.

அமிலத்தைக் கலக்கும் வேலையை வியாபாரியிடமே விட்டுவிடுவது நல்லது. கலந்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

அமிலம் பட்டுவிட்டால்?

கண்ணிலோ தோலிலோ பட்டால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை விரல்களால் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். அமிலம் நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். ஆப்ப சோடா தரையில் சிந்தியதை முறிக்கத்தான், கண்ணிலோ புண்ணிலோ போடக் கூடாது. கண்ணில் பட்டவர் 'இப்போ எரிச்சல் இல்லை' என்று சொன்னாலும் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

பேட்டரி அறையில் அழுகிய முட்டை வாடை அடித்தாலோ, ஏதாவது ஒரு பேட்டரி உப்பியிருந்தாலோ, தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ அது எல்லை மீறி சார்ஜ் ஏறுவதன் அறிகுறி. அந்த அறைக்குள் லைட், ஃபேன் ஸ்விட்ச் எதையும் தொடாமல், சார்ஜருக்குப் போகும் கரண்டை வெளியிலிருந்து அணைத்து, கதவைத் திறந்து விட்டு வெளியே வந்துவிட வேண்டும். சூடு தணியும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது.

பழைய பேட்டரியை யாரிடம் கொடுப்பது?

எடைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று தெருவில் வருபவரிடம் கொடுத்தால் நாலு காசு கூடக் கிடைக்கலாம். அவர் அதை எங்காவது உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தை அடுப்பில் உருக்க வாய்ப்பு அதிகம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவே அதற்குக் கிடையாது. 2001-லிருந்து இருந்த பேட்டரி விதிகளை மாற்றி, 2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி, பயன்படுத்துபவர் பழைய பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாக வைத்து, சேகரிப்பு, மறுசுழற்சி வேலையில் முறையாக ஈடுபடுபவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது எளிது. எத்தனை பேட்டரி, எத்தனை கிலோ என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் வரை அமிலத்தைக் கீழே கொட்டாமல், மூடிகளை இறுக்கி, முனைகளில் டேப் ஒட்டி, நிமிர்த்தியே வைத்திருங்கள். தூக்கிப்போடும் பேட்டரியிலும் ஒரு ஸ்பானரைச் சிவக்க வைக்கும் அளவுக்குக் கரண்ட் மிச்சம் இருக்கும்.